பூ விழுந்த கண்ணையும் தானமாகக் கொடுக்கலாமா?

ஆகஸ்ட் 26, காலை. காக்ஸ் டவுன் வாசகி கேட்டது:

என் மாமியாருக்கு 74 வயது. ரொம்ப வருடமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, கிளாக்கோமாவுக்குத் தினமும் சொட்டு மருந்து. வலது கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்துவிட்டது. போன வாரம் அல்சூரில் நடந்த முகாமில் கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். என் கொழுந்தனார், "நோய்க் கண்ணை இன்னொருத்தர் தலையில் கட்டுவது பாவம்" என்று வீட்டில் சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?

ஆகஸ்ட் 26, இரவு 9.40

மாமியார் செய்ததுதான் சரி. பெங்களூரில் ஒரு கண் வங்கியில் பல வருடம் டெக்னீஷியனாக வீடு வீடாகப் போய்க் கண் எடுத்தவள் நான், இப்போது அங்கேயே கவுன்சிலர். இந்தக் கேள்வியை ஸ்ரீராமபுரத்திலும் கேட்டிருக்கிறேன், ஒயிட்ஃபீல்டிலும் கேட்டிருக்கிறேன்.

சர்க்கரை, பி.பி., கண்ணாடி, கண்புரை ஆபரேஷன், கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு, இதில் எதுவும் கண்தானத்துக்குத் தடை கிடையாது. முழுக் கண்ணையும் எடுத்து அப்படியே இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள் என்று நினைப்பதால் வருகிற பயம் இது. பொருத்துவது கருவிழியை, அதாவது கார்னியாவை மட்டும்தான். கண்ணின் முன்னால் அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் தெளிவான சவ்வு. கிளாக்கோமா பாழாக்குவது பின்னால் இருக்கும் நரம்பை, கண்புரை வருவது உள்ளே இருக்கும் லென்ஸில், சர்க்கரை முக்கியமாகக் கெடுப்பது விழித்திரையை. கடைசிக் காலத்தில் வெளிச்சம் கூடத் தெரியாமல் இறந்துபோனவரின் கருவிழி வேறொருவருக்குப் பார்வை கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பூ விழுந்த, அதாவது கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு இருக்கிற வலது கண்ணையும் சேர்த்தே கொடுங்கள். அதை வீட்டில் உட்கார்ந்து நாம் முடிவு செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் 26, இரவு 11.15

நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

கருவிழி பல அடுக்கு. முன்பக்கம் தடித்த பகுதி, கனத்தில் பெரும்பங்கு அதுதான். உள்பக்கக் கடைசியில் ஒரே வரிசையாகச் செல்கள், எண்டோதீலியம் என்பார்கள். கருவிழிக்குள் ஊறுகிற நீரை ராத்திரி பகல் பாராமல் வெளியே இறைப்பது அந்தச் செல்களின் வேலை. அவை செத்தால் மறுபடி முளைக்காது. வளர்ந்தவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2500 இருக்கும், வயதாக ஆகக் குறையும், கண்புரை ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் போகும். அதனால்தான் கண் வங்கியில் ஒவ்வொரு கருவிழியையும் ஸ்பெக்யுலர் மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறோம். நல்ல கருவிழி என்றால் திரை முழுக்கத் தேன்கூட்டு அறைகள் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். பார்வைக்காக முழுக் கனத்தில் வைப்பதற்கும் பின் அடுக்கை மட்டும் வைப்பதற்கும் பொதுவாக 2000-க்கு மேல் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள்.

முன்பெல்லாம் கருவிழி மாற்று என்றால் பெரும்பாலும் முழுக் கனத்தையும் வெட்டி வைத்துத் தைப்பதுதான் வழி. கடந்த இருபது வருடத்தில் கெட்ட அடுக்கை மட்டும் மாற்றுகிற முறைகள் பரவலாகிவிட்டன. நெதர்லாந்தில் கெரிட் மெல்லஸ் என்ற கண் டாக்டர் பின் அடுக்கை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்தில், உரித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். டீமெக் என்று ஆஸ்பத்திரியில் சொல்வது அதைத்தான். கெரட்டோகோனஸ் என்று கருவிழி கூம்பிப்போகிற இளைஞர்களுக்கு முன் அடுக்கை மட்டும் மாற்றி, அவர்களுடைய சொந்தப் பின் அடுக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இதனால் தானம் கொடுப்பவரின் கண்ணையும் அடுக்கடுக்காகப் பார்க்க முடிகிறது. முன்னால் தழும்பு, பின்னால் செல்கள் நன்றாக இருக்கின்றன என்றால் பின் அடுக்கு ஒருவருக்கு உதவும். பின்னால் செல்கள் போய்விட்டன, முன்பக்கம் தெளிவு என்றால் முன் அடுக்கு ஒருவருக்கு உதவும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2021 அக்டோபர் 29-ல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தபோது அவர் இரண்டு கண்ணும் நாராயண நேத்ராலயா கண் ஆஸ்பத்திரியில் நான்கு பேருக்குப் போயின. ஒவ்வொரு கருவிழியையும் முன், பின் என்று பிரித்து, முன் அடுக்கு இரண்டு பேருக்கு, பின் அடுக்கு இரண்டு பேருக்கு. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் போன் ஓயவில்லை.

ஆகஸ்ட் 27, மதியம்

"அப்போ எந்தக் கண்ணையும் எடுத்து வைத்துவிடுவீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை. கோபம் நியாயமானதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

நோய்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். இருந்த இடத்திலேயே இருக்கிற நோய், கருவிழியோடு சேர்ந்து பயணம் செய்கிற நோய். கிளாக்கோமாவும் தழும்பும் முதல் வகை. இரண்டாவது வகை இருந்தால் கேள்வியே இல்லை, வேண்டாம் என்றுதான் சொல்வோம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ரத்தத்தில் பரவிய தொற்று, ரத்தப் புற்றுநோய், காரணம் தெரியாத மரணம். கண்ணில் என்றால் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று, கண்ணின் முன்பகுதியில் வந்த புற்றுக்கட்டி, இறக்கும்போது கண்ணில் இருந்த தொற்று அல்லது அழற்சி.

இது வெறும் எச்சரிக்கைக்காகப் போட்ட பட்டியல் இல்லை. தானமாக வந்த கருவிழி வழியாக மூளையைத் தின்னும் குரூட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோய் பரவியது 1974-ல் மருத்துவ இதழில் பதிவானது. 1978-ல் அமெரிக்காவில் ஒருவர் கருவிழி வழியாக வந்த ரேபிஸில் இறந்தார். நம் நாட்டிலும் ரேபிஸ் அப்படிப் பரவியிருக்கிறது. அதனால்தான் சாவு வீட்டில், அழுதுகொண்டிருக்கிற மகளிடம் போய், "அப்பாவை நாய் ஏதாவது கடித்ததா, கடைசி நாட்களில் பேச்சு தடுமாறியதா" என்று கேட்கிறோம். கேட்பதற்கே நாக்கு கூசும், கேட்டுத்தான் ஆக வேண்டும். கூடவே கொஞ்சம் ரத்தமும் எடுப்போம்.

ஆகஸ்ட் 27, இரவு

பூ விழுந்த கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

பூ எப்படி விழுந்தது என்பது தெரிய வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சின்ன வயதில் பெரியம்மை, தட்டம்மை, வைட்டமின் ஏ சத்துக் குறைவு, கண்ணில் சுண்ணாம்பு பட்டது, நெல் தூசி பட்டுப் புண்ணானது என்று எத்தனையோ காரணம். அந்தப் புண் எப்போதோ ஆறிவிட்டது, தழும்பு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஹெர்பிஸ் வைரஸால் வந்த தழும்பு வேறு கதை. அது ஆறின மாதிரி இருக்கும், வைரஸ் கருவிழிக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம், மாற்று வைத்தவருக்குப் போன சம்பவங்களும் உண்டு. "அடிக்கடி கண் சிவந்து, வருடத்துக்கு ஒரு தடவை புண் வரும்" என்று வீட்டில் சொன்னால் எங்கள் காது உடனே விடைத்துக்கொள்ளும்.

ஆகவே காக்ஸ் டவுன்காரரே, மாமியாரிடம் உட்கார்ந்து பேசி, எந்த வயதில் எப்படி வந்தது என்று எழுதி அவருடைய கண் ஆஸ்பத்திரி ஃபைலில் செருகி வையுங்கள். பழைய சீட்டு ஒன்று கூட அந்த நேரத்தில் எங்களுக்குப் பெரிய உதவி. தழும்பு நடுவில் ஆழமாக, பின் அடுக்கு வரை போயிருந்தால் அந்தக் கண் மாற்றுக்கு உதவாமலும் போகலாம்.

ஆகஸ்ட் 28

இதோடு சேர்ந்த ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்து, ஆட்டோ கூட நுழையாது. பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தா, இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளையாகத் தழும்பு. மகள் என்னைக் கூடத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், "நல்ல கண்ணை மட்டும் எடுத்துக்கோங்கம்மா, அந்தக் கண்ணைக் கொடுத்தா யாராவது எங்கப்பாவைத் திட்டுவாங்க" என்றாள். கொடுப்பவர்கள் மனதில் இருக்கிற கூச்சம் எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. தானம் கொடுக்கிற இடத்தில் அவள் மன்னிப்புக் கேட்கிற தொனியில் நின்றாள்.

இரண்டையும் எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் பிடித்தான், ஏனென்றால் கரண்ட் இல்லை. வேலை முடிந்ததும் இமைகளை மூடி, கன்னத்தைத் துடைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாத்தா முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அவள் குனிந்து நெற்றியில் திருநீற்றைச் சரி செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

மறுநாள் ஸ்லிட் லேம்பில், அதாவது மெல்லிய ஒளிக்கீற்று பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாகக் காட்டும் கருவியில், வைத்துப் பார்த்தபோது தழும்பு முன்பகுதியோடு நின்றிருந்தது. பின்னால் செல் எண்ணிக்கை, "நல்ல கண்" என்று அவள் சொன்ன மற்ற கண்ணில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழி வீங்கி, எரிச்சலும் நீருமாகத் தவித்த ஒருவருக்கு அந்தப் பின் அடுக்கு போனது. யாருக்கு என்று குடும்பத்திடம் சொல்வதில்லை. "இரண்டு கண்ணும் பயன்பட்டது" என்று மட்டும் சொல்லலாம். போனில் சொன்னேன். "ரெண்டுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆகஸ்ட் 28, கொஞ்ச நேரம் கழித்து

உலகத்திலேயே முதன்முதல் வெற்றி பெற்ற கருவிழி மாற்று 1905 டிசம்பர் 7-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒலோமோட்ஸில், எட்வர்ட் ஸிர்ம் செய்தது. சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு கூலித் தொழிலாளிக்கு. கருவிழி கொடுத்தது யார் தெரியுமா? கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு பாய்ந்து, கண்ணையே எடுக்க வேண்டி வந்த 11 வயதுப் பையன். கெட்டுப்போன கண் என்று எடுத்ததிலிருந்துதான் இந்த வைத்தியமே தொடங்கியிருக்கிறது. கொழுந்தனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 30

பெல்லந்தூரிலிருந்து ஒரு தம்பி: "எனக்கு லேசிக் செய்திருக்கிறேன், நான் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லேசிக் என்பது கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியை லேசரால் செதுக்குகிற ஆபரேஷன். அது செய்த கருவிழியை யாரும் கவனிக்காமல் முழுக் கனத்தில் வைத்துவிட்டால், வாங்கியவருக்குக் கருவிழி தட்டையாகி எதிர்பாராத பவர் வந்து நிற்கும். வெளிநாட்டில் அப்படி நடந்து பதிவாகியிருக்கிறது. பின் அடுக்குக்கு மட்டும் எடுத்தால் பிரச்சினை இல்லை, லேசிக்கில் கை வைப்பது முன்பக்கத்தில்தான். எங்களுக்கு இருக்கும் சிக்கல், லேசிக் வெட்டின் விளிம்பு ஸ்லிட் லேம்பில் சன்னமாகத்தான் தெரியும், தவறிவிடலாம். கருவிழியை அடுக்கடுக்காக ஸ்கேன் செய்கிற ஓ.சி.டி. கருவி இருக்கிற வங்கியில் கண்டுபிடிப்பார்கள். இந்த ஊரில் ஐ.டி. வேலைக்கு வந்து லேசிக் செய்துகொண்டவர்கள் ஏராளம், அவர்களுக்கெல்லாம் வயதாகும்போது கண் வங்கிகளுக்கு இது தினசரி விஷயமாகிவிடும். கல்யாணத்துக்கு முன்பே லேசிக் செய்துகொண்டவர் மனைவியிடம் கூடச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் 31, அதிகாலை

கொடுப்பவர் பக்கத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவர்?

இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சம் கருவிழி மாற்றாவது தேவை என்பது பல வருடமாகச் சொல்லப்படும் கணக்கு. கிடைக்கிற கண்கள் அதற்குப் பக்கத்தில் கூட வரவில்லை, கிடைப்பதிலும் ஏறக்குறைய பாதிதான் மாற்றுக்குத் தேறுகிறது. அமெரிக்காவில் தங்கள் தேவை போக மிச்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு கருவிழியை வேண்டாம் என்று ஒதுக்கினால் நோயாளிக்கு அடுத்த வாரம் இன்னொன்று வரும். இங்கே ஒதுக்கினால் அவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகலாம். அதனால் நம் ஊரில் விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று பேசுகிறவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் பற்றாக்குறையைக் காட்டி வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார், "பின் அடுக்கை மட்டும்தானே வைக்கிறோம், முன்னால் தழும்பு இருந்தது என்று சொல்லி அந்த அம்மாவைப் பயமுறுத்த வேண்டுமா?" என்று. வேண்டும் என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "கொடுத்தவர் கண்ணின் முன்பக்கத்தில் பழைய தழும்பு, நாங்கள் வைக்கப்போவது பின்பக்கம், அது இவ்வளவு எண்ணிக்கையில் நன்றாக இருக்கிறது" என்று அவர்கள் பாஷையில் சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. கைநாட்டு வைக்கிற பாட்டிக்கும் புரிகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று ஒரே வராந்தாவில் மாறி மாறிப் பேசித்தான் இந்த வேலையைச் செய்கிறோம்.

இன்னொரு சந்தேகம் நோயாளிகள் வாயிலிருந்தே வரும்: "காசு கொடுக்கிறவங்களுக்கு நல்லது, எங்களுக்குக் கழிச்சதா?" இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: அதே நோயோடு தனி அறையில் இருப்பவருக்கும் அதே கருவிழியை வைப்பார்களா? வைப்பார்கள் என்றால் அது கழித்தது இல்லை, அந்த நோய்க்குப் பொருத்தமானது. வைக்க மாட்டார்கள் என்றால் இலவச வார்டிலும் வைக்கக் கூடாது.

செல் எண்ணிக்கை குறைந்த கருவிழிக்கும் ஒரு பெரிய வேலை இருக்கிறது. கரும்புச் சோகையோ நெல் தாளோ கிழித்து, பூஞ்சைத் தொற்றில் கருவிழி ஓட்டையாகி வருகிற விவசாயக் கூலிகள். அவர்களுக்கு அன்றைக்குத் தேவை பார்வை இல்லை, கண்ணே கையை விட்டுப் போகாமல் இருப்பது. அந்த அவசரத்துக்கு 1500 உள்ள கருவிழி போதும். தொற்று அடங்கினபின் பார்வைக்காக இன்னொன்று வைக்கலாம். இதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கட்டைப் பிரித்ததும் "ஆபரேஷன் செஞ்சும் தெரியலையே" என்று இடிந்துபோவார்கள்.

ஆகஸ்ட் 31, மாலை

சர்க்கரை தடையில்லை என்று முதல் நாள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தடையில்லைதான். ஆனால் ரொம்ப நாள் சர்க்கரை இருந்தவர்களின் பின் அடுக்கை டீமெக்குக்காக உரிக்கும்போது ஒட்டிக்கொண்டு கிழிகிற வாய்ப்பு கூடுதல். அதனால் அந்தக் கருவிழியைக் கொஞ்சம் தடிமனாக, முன்பகுதியின் ஒரு மெல்லிய பட்டையோடு சேர்த்து வெட்டி வைக்கும் முறைக்கோ முழுக் கனத்துக்கோ ஒதுக்குவார்கள். கொடுப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பர் 1

ஒருவருடைய சொந்தக் கருவிழியே அவருடைய இன்னொரு கண்ணுக்குத் தானமாவது உண்டு. ஒரு கண்ணில் விழித்திரை பிய்ந்து பார்வை திரும்பாது, ஆனால் கருவிழி தெளிவு. மறு கண்ணில் கருவிழி முழுக்கத் தழும்பு, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது. இரண்டு கருவிழியையும் இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். உடம்பு அதை அந்நியம் என்று நிராகரிக்காது, வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்துக்குப் பயப்பட வேண்டாம். அபூர்வமான ஆபரேஷன், எல்லோருக்கும் பொருந்தாது. பார்வை போன கண்ணை "அதால் இனி என்ன பிரயோஜனம்" என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இதைச் செய்து, கட்டு பிரித்த அன்று அவர் முதலில் படித்தது எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரில் தேதி. சத்தமாகப் படித்தார், வார்டே கேட்டது.

செப்டம்பர் 2

பலர் கேட்டதால் வீட்டில் செய்ய வேண்டியது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஃபேனை நிறுத்துங்கள், ஏ.சி. ஓடலாம். இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு. தலைக்குக் கீழே இரண்டு தலையணை. முன்கூட்டியே படிவம் எழுதாவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதம் போதும், எழுதியிருந்தாலும் நீங்கள் போன் செய்தால்தான் நாங்கள் வர முடியும். அடக்கத்துக்குத் தாமதமாகாது, அரை மணி நேர வேலை. பெரும்பாலும் இப்போது கருவிழியை மட்டும்தான் எடுக்கிறோம்.

எடுத்த கருவிழியை மீடியம் என்கிற பாதுகாப்புத் திரவத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்போம். மதுரை ஆரோலேப் தயாரிக்கிற கார்னிசாலில் 14 நாள் வரை வைக்கலாம். அடுக்கு அடுக்காகச் சோதித்து, யாருக்கு எது பொருந்தும் என்று தேடுவதற்கு அந்த நாட்கள்தான் எங்களுக்கு அவகாசம்.

செப்டம்பர் 4

"சோதித்துவிட்டு மாற்றுக்கு உதவாது என்றால் தூக்கிப் போட்டுவிடுவீர்களா?" இல்லை. குடும்பம் சம்மதித்திருந்தால் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் போகும். டீமெக் உரிக்கப் பழகுகிற இளம் டாக்டர் நேரடியாக நோயாளிக்கு வைக்கவிருக்கும் கருவிழியில் பழக முடியாது, இதில்தான் கை பழகுவார். ஆனால் குடும்பத்திடம் "இருவருக்குப் பார்வை கிடைத்தது" என்று பொதுவாகச் சொல்லி அனுப்புகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சிக்குப் போனது என்றால் பயிற்சிக்குப் போனது என்று சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொன்ன வீடுகளில் யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை, விவரம்தான் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 5

கீமோ எடுத்து இறந்தவர்களைப் பற்றிக் கேட்டவருக்கு: ரத்தப் புற்றுநோய், பரவிய லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, கண்ணில் வந்த கட்டி, இவை தவிர மற்ற பெரும்பாலான புற்றுநோய்களில் இறந்தவர்கள் கருவிழி கொடுக்கலாம். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, உறுப்பு தானத்துக்கு இருக்கிற தடை இதற்கு இல்லை. உங்கள் அண்ணனுக்கு வந்தது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தொற்று ஏதாவது வந்ததா என்பதையும் வங்கிக்காரர்கள் கேட்பார்கள்.